பதினோராவது புள்ளி

ரேடார் திரையைச் சுத்தமாக்குவது மிகச் சுலபம். ஒரு குமிழைத் திருப்பினால் மழை மறைந்துவிடும். இன்னொன்றைத் திருப்பினால் அலை மறைந்துவிடும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் மீன் பிடிக்க வந்த மனிதர்களும் மறைந்துவிடுவார்கள். திரை கழுவிக் கவிழ்த்த பீங்கான் போலப் பளிச்சென்று இருக்கும். அதைப் பார்த்துத் திருப்திப்படுகிறவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. கோபப்படக் கூடாது என்று பதுளையில் ஒரு வைத்தியர் மூன்று மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். அவர் எந்தக் கப்டனோடும் வேலை செய்ததில்லை.

பெரகலச் சந்திக்கும் ஹல்துமுல்லைக்கும் நடுவே, வீதிக்கு மேலே ஒரு சிறிய வீட்டில் இருக்கிறேன். கப்பலில் இருந்தவன் என்று தெரிந்ததும் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ரேடார் டீவி மாதிரிதானே, எல்லாம் தெரியுமே? இந்த வருஷத்தில் மட்டும் ஒன்பது பேர் கேட்டுவிட்டார்கள். ஒன்பதாவது ஆள் ஓய்வுபெற்ற தபால் அதிபர். படித்தவர். அவருக்கு நான் தேநீர்கூடக் கொடுக்கவில்லை.

டீவியில் ஒருவன் காட்டுவதை நாம் பார்க்கிறோம். ரேடாரில் யாரும் எதையும் காட்டுவதில்லை. கப்பலின் உச்சியில் ஒரு நீளமான சட்டம் இரண்டரை வினாடிக்கு ஒரு தடவை சுற்றுகிறது. அதிலிருந்து போகிற அலை எதில் பட்டாலும் திரும்பி வரும். வந்ததும் திரையில் ஒரு புள்ளி விழும். இரும்புக் கப்பல் என்றால் கொழுத்த புள்ளி. மழைத்துளிக் கூட்டமும் புள்ளிதான், அலையின் முகடும் புள்ளிதான். பைபர் படகு என்றால் மழைக்கு நடுவே ஒரு தூசி. மழையின் புள்ளி இந்தச் சுற்றில் இருந்த இடத்தில் அடுத்த சுற்றில் இருக்காது. படகின் புள்ளி ஒவ்வொரு சுற்றிலும் விழாது, ஆனால் விழும்போது தன் வழியிலேயே விழும். இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால் குமிழைத் தொடாமல் உட்கார்ந்து எண்ண வேண்டும். பத்துச் சுற்றில் எத்தனை தடவை விழுந்தது, எங்கே விழுந்தது. அதற்குப் பொறுமை வேண்டும். அந்த ஒன்றுதான் என்னிடம் இருந்தது, அதுவும் திரைக்கு முன்னால் மட்டும்.

எண்ணுகிற பழக்கம் எனக்குப் பெரட்டுக்களத்தில் வந்தது. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, கீழேதான் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு நடக்கும். விடிந்தும் விடியாமல் தொழிலாளர்கள் வரிசையாக நிற்பார்கள். தோட்டத்தை நடத்துகிற துரை வந்து ஏதாவது சொல்வார். இன்றைக்கு மழை வராது என்பார், மழை அவர் தொப்பியிலேயே விழுந்துகொண்டிருக்கும். ஆமாங்க தொர என்பார்கள். நேற்றுக் கொழுந்து மட்டம் என்பார். ஆமாங்க தொர. அவர் போன பிறகு கணக்கப்பிள்ளை லயம் லயமாக எத்தனை பேர் என்று கேட்பார். அப்போது மட்டும் குரல் மாறும். பதினேழு என்றால் பதினேழு. ஒரு தலை தவறினால் ஒரு வீட்டுக்கு அன்றைய பேர் விழாது, வேலை செய்தும் செய்யாததாகிவிடும். நான் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் அப்பாவின் பக்கத்தில் நின்று அவர்களுக்கு முன்பாக எண்ணி முடித்துவிடுவேன்.

பதுளையில் படித்தேன், கணக்கில் நல்ல பெறுபேறு. ஆனால் இந்த நாட்டில் பிறந்தவன் இந்த நாட்டுக்காரன் என்று ஒரு தாளில் எழுதித் தருவதற்கு அவர்களுக்கு முப்பத்தொரு வருஷம் பிடித்தது. தாள் இல்லாமல் கடவுச்சீட்டு இல்லை, கடவுச்சீட்டு இல்லாமல் கப்பல் இல்லை. அதுவரை தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன். மற்றவர்கள் பதினெட்டில் ஏறிய படியில் நான் முப்பத்திரண்டில் ஏறினேன். அதனால்தான் நான் சொல்லப்போகிற கப்பலில் ஐம்பத்தாறு வயதிலும் நான் இரண்டாம் அதிகாரி. கப்டனுக்கு முப்பத்தெட்டு. அதைப் பற்றி எனக்குக் குறையில்லை என்று முன்பெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை.

அந்தக் கப்பலில் இருபத்திரண்டு பேர். தமிழ் பேசுகிறவர்கள் இரண்டு பேர்: நானும், என்னோடு காவல் நின்ற மாலுமி ஒருவனும். அவன் ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தோட்டத்துக்காரன். நாற்பதை நெருங்கியவன், கலியாணமாகி இரண்டு பிள்ளைகள். கண் கூர்மையானவன். கடலில் எனக்குத் தெரிகிற எந்தக் கப்பலும் அவனுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும். ஆனால் என்ன கேட்டாலும் முதலில் "ஆமாங்க சேர்" என்பான். சாப்பிட்டியா? ஆமாங்க சேர். சாப்பிடலையா? ஆமாங்க சேர். நான் அதற்காக அவனைப் பலதடவை கேலி செய்திருக்கிறேன். "சேர், நம்ம வாய் அப்படியே பழகிருச்சு, மழையில நனைஞ்ச கதவு மாதிரி, இந்தப் பக்கம்தான் தொறக்கும்" என்று அவனும் சிரிப்பான்.

நாங்கள் இலங்கைக்குத் தெற்கே கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். என் காவல் பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை. ஒரு மணிக்குப் பிறகு மழை பிடித்தது. எங்கள் பக்கத்துத் தூறல் இல்லை, கப்பலின் மூக்கையே மறைக்கிற மழை. விதிப்படி மாலுமியை மழைக்கோட்டோடு வெளியே, பாலத்தின் இடப்பக்க நீட்டில் காவல் நிறுத்தினேன். கப்பலை ஓட்டுகிற அந்த மேல் அறையைத்தான் பாலம் என்கிறோம். பிறகு, இதுவும் விதிப்படி, கப்டனுக்குப் போன் செய்து பார்வை குறைந்துவிட்டது என்றேன். அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்தார்.

திரையில் மழை ஒரு பெரிய அழுக்குத் துணி போலப் படிந்திருந்தது. பன்னிரண்டு மைல் வட்டத்துக்குள் நான் எண்ணியவை பதினொன்று. அவற்றில் பத்துக்குப் பக்கத்தில் சின்ன முக்கோணம் இருந்தது. பெரிய கப்பல்கள் தங்கள் பெயரையும் வேகத்தையும் வானொலியில் தாமே சொல்லிக்கொண்டு போகும், அது முக்கோணமாகத் திரையில் வரும். பதினோராவதுக்கு முக்கோணம் இல்லை. மூன்று மைலுக்கும் குறைவு, நேர் முன்னால், சற்று இடப்பக்கம். பத்துச் சுற்றில் நாலு தடவை விழுந்தது. அடுத்த பத்தில் மூன்று. திசை மாறவில்லை, தூரம் குறைந்தது. கடலில் இந்த இரண்டும் சேர்ந்தால் அதற்கு ஒரே பொருள்தான்: மோதப் போகிறோம்.

கதவைத் திறந்து மாலுமியைக் கேட்டேன். அவன் கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு சொன்னான்: "முன்னுக்கு என்னமோ இருக்குங்க சேர். மழை கிழியுறப்ப வருது, பெறகு மறையுது. போட் மாதிரிதான் இருக்கு."

அந்த நேரத்தில்தான் கப்டன் கோப்பியோடு உள்ளே வந்தார். திரையைப் பார்த்து முகம் சுளித்தார். இவ்வளவு அசிங்கமாக வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்கிறாய் என்றார். நான் வாய் திறப்பதற்குள் மழைக் குமிழைக் கடைசி வரை திருப்பினார், அலைக்குரியதைத் தானியங்கியில் போட்டார். துணியை உருவியது போல அழுக்கு போய்விட்டது. பத்துப் புள்ளி, பத்து முக்கோணம். பார், இதுதான் ரேடார் என்றார்.

இன்னும் ஒன்று இருக்கிறது, சின்னப் படகு, இடப்பக்கம் இடம் போதாது, வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்றேன். எங்கே என்று திரையைக் காட்டினார். நீங்கள் அழித்துவிட்டீர்கள் என்றேன். இந்த வாக்கியம் அவருக்குப் பிடிக்கவில்லை. இதைப் பிற்பாடு என் மேல் எழுதிய குற்றங்களிலும் சேர்த்திருந்தார். பிறகு கதவைத் திறந்து, கையில் கோப்பிக் கோப்பையோடு, மாலுமியைக் கேட்டார். எப்படிக் கேட்டார் என்பதுதான் முக்கியம். என்ன தெரிகிறது என்று கேட்கவில்லை. அங்கே ஒன்றும் இல்லைதானே என்று கேட்டார்.

"யெஸ் சேர்" என்றான்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை அவன் என்னிடம் போட் என்று சொல்லி. நான் அவனைப் பார்த்தேன். அவன் தன் சப்பாத்தைப் பார்த்தான். கப்டன் அவனை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார், என்னிடம் இதே வழியில் போ என்று சொல்லிவிட்டுத் தன் உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

நான் அந்தச் சுத்தமான திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழித்த பிறகும் அந்தப் புள்ளி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும், கணக்குத் தெரிந்தவனுக்கு அது பெரிய வித்தையில்லை. கால் மைல் வரை பொறுத்தேன். பிறகு தானாக ஓடுவதை நிறுத்தி, சுக்கானைக் கையில் எடுத்து முழுவதுமாக வலப்பக்கம் திருப்பினேன். கப்பல் இடப்பக்கம் சாய்ந்தது. கோப்பி கப்டனின் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. கீழே சமையலறையில் முப்பத்துநாலு தட்டு உடைந்தது. அதுவும் குற்றப் பட்டியலில் இருந்தது, எண்ணிக்கை என்னுடையது அல்ல.

நான் அந்தப் படகைப் பார்க்கவில்லை. கப்டனும் பார்க்கவில்லை, அவர் என்னைத் திட்டுவதற்குத் திரும்பியிருந்தார். படகு இருந்திருந்தால் அது கப்பலின் இடப்பக்கத்தைத் தடவிக்கொண்டு, எங்கள் கண்ணுக்கு எட்டாத கீழிடத்தில் போயிருக்கும். இடப்பக்கத்தில் நின்றது ஒரே ஒருவன். என்னைப் பாலத்திலிருந்து இறங்கச் சொன்னபோது அவன் மழை சொட்டச் சொட்ட உள்ளே வந்தான். பார்த்தியா என்று கேட்டேன். கப்டன் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார். பதிலுக்கு அவன் மழைக்கோட்டைக் கழற்றி உதறினான். மறுநாள் அவனை மேல்தள வேலைக்கு மாற்றினார்கள். ஐந்தாம் நாள் ஒரு துறைமுகத்தில் என்னை இறக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கொழும்பில் எங்களைக் கப்பலுக்கு எடுக்கிற ஒபிஸ் இருந்தது, விசாரணை அங்கேதான். கட்டளையை மீறிக் காரணமில்லாமல் கப்பலைத் திருப்பினான் என்பது முதல் குற்றம். இது நிலைத்தால் எனக்கு இனிமேல் கப்பல் இல்லை. முப்பத்தொரு வருஷம் தாளுக்காகக் காத்திருந்து எடுத்த வேலை, ஒரு கோப்பிக் கறையில் முடிந்துவிடும். நான் கப்பலின் பதிவுப் பெட்டியைப் பாருங்கள் என்றேன். விமானத்துக்கு இருப்பது போலக் கப்பலுக்கும் ஒன்று உண்டு, ரேடார் திரையை அது இடைவிடாமல் படம் எடுத்து வைக்கும். பார்த்தார்கள். ஆனால் அது வெளியே இருக்கிற கடலைப் படம் எடுப்பதில்லை, திரையைத்தான் எடுக்கிறது. திருப்புவதற்கு முந்திய பத்து நிமிஷமும் திரை கப்டன் கழுவி வைத்த திரை. அதற்கு முந்தியதில் மழைதான் தெரிகிறது என்றார்கள். எண்ணிப் பாருங்கள் என்றேன். யாருக்கு நேரம் என்றார்கள். சரி, அதில் பேச்சும் பதிவாகுமே, மாலுமி போட் என்று சொன்னது இருக்குமே என்றேன். இருந்தது. பாலத்தில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசினார்கள் என்று அதை இரண்டாவது குற்றமாக எழுதிவிட்டார்கள். என்ன பேசினோம் என்று பார்க்க அவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லையாம். கொழும்பில் தமிழ் தெரிந்த ஒரு ஆள் கிடைக்கவில்லை. ஒபிசுக்குக் கீழே சைவக் கடை இருந்தது, அங்கே நான் இட்லி சாப்பிட்டிருக்கிறேன், பரிமாறியவர்கள் ஆறு பேர்.

கடைசியில் மாலுமியிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டு முடித்துவிடுகிறோம் என்றார்கள். அவன் லீவில் வந்திருந்தான். எந்த நாள் என்று தெரிந்துகொண்டு நான் அவன் லயத்துக்குப் போனேன். யாரும் அழைக்கவில்லை, அழைக்காமலே போனேன். பஸ் ஏற இடமில்லாமல் மூன்று பஸ்ஸை விட்டேன், தேயிலைக்கு நடுவே இறங்குகிற பாதையில் இரண்டு தடவை வழுக்கினேன், அவன் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேரும்போதே சண்டைக்குத் தயாராக இருந்தேன்.

அவன் மனைவி மலையிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். தேத்தண்ணி கொடுத்தாள். நான் குடிக்காமல் கேட்டேன், உண்மையைச் சொல்லப் போகிறாயா இல்லையா என்று. அவன் சுற்றி வளைக்கவில்லை.

"சேர், நீங்க முடிச்சிட்டு வர்ற ஆளு. எனக்கு இன்னும் பதினஞ்சு வருஷம் கப்பல் இருக்கு. கப்டன் இல்லன்னு சொல்லிட்டாரு. நான் இருக்குன்னு சொன்னா அவரு பொய்யனாகிருவாரே."

"அவர் பொய்யன்தான்."

"ஆமாங்க சேர்" என்றான்.

அந்த வீட்டில் போனுக்கு சிக்னல் கிடைப்பது வாசற்படிக்குப் பக்கத்தில் மட்டும். அங்கே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் போனை நிமிர்த்தி வைத்து, சத்தமாகக் கேட்கும்படி போட்டிருந்தார்கள். மணி அடித்ததும் அவன் எழுந்தான். மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துக் கணுக்கால் வரை இறக்கிவிட்டான், இரண்டு கையையும் முன்னால் சேர்த்துக்கொண்டான், கதிரைக்கு நேரே நின்றான். கதிரையில் ஒரு போன் இருந்தது, வேறு யாரும் இல்லை. என் அப்பா பெரட்டில் நிற்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அப்போது வராத கோபம் அன்றைக்கு எனக்கு வந்தது.

ஒபிஸ்காரர் சிங்களத்தில் பேசினார். நல்ல மரியாதையான குரல். நீதானே காவலில் நின்றது? சிங்களத்து ஆமாதான்: ஓவ் சேர். மழை பெய்ததா? ஓவ் சேர். அப்படியானால் கப்பலுக்கு முன்னால் படகு எதுவும் இருக்கவில்லை, இல்லையா?

"ஓவ் சேர்."

அவ்வளவுதான் என்றார் ஒபிஸ்காரர். நன்றி என்றும் சொன்னார். இன்னும் இரண்டு வினாடியில் வைத்திருப்பார். நான் யோசித்து எதையும் செய்யவில்லை. யோசிக்கிற நிலையில் நான் இல்லை. அவன் காதுக்குப் பக்கத்தில், மலையில் ஆள் கூப்பிடுகிற குரலில் கேட்டேன்.

"எத்தனை பேரு?"

"நாலு பேருங்க" என்றான். கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டான். "ஒருத்தன் தண்ணி எறைச்சுக்கிட்டு இருந்தான்."

பிறகு தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டான். அவன் மனைவி சுவரில் சாய்ந்தாள். போனுக்குள்ளே யாரது, யார் பேசுகிறது என்று ஒபிஸ்காரர் கேட்டார். நான் என் பெயரைச் சொல்லி, அவன் சொன்னதைச் சிங்களத்தில் சொன்னேன். படகில் நாலு பேர், ஒருவன் தண்ணீர் இறைத்தான். அந்த மனிதனை நான் வேறு எதற்கும் பாராட்டப் போவதில்லை, ஆனால் அடுத்ததாக அவர் கேட்டது சரியான கேள்வி. படகு என்ன நிறம் என்றார்.

நீலம் என்றான் அவன், பொத்திய கையை எடுத்துவிட்டு. முன்பக்கம் பெயின்ட் உரிந்திருந்தது. தண்ணீர் இறைத்தவன் தலை நிமிரவே இல்லை, மற்ற மூன்று பேரும் கப்பலைப் பார்த்தார்கள், ஒரு ஆள் கும்பிட்டான். எவ்வளவு தூரத்தில் போனது? "இந்த லயத்துல இருந்து பீலிக்கு இருக்கிற தூரம் இருக்கும்" என்றான். தண்ணீர்ப் பீலி அவன் வீட்டிலிருந்து கைதட்டினால் கேட்கிற தூரத்தில் இருந்தது. அறுபது மீற்றர் என்று நான் மொழிபெயர்த்தேன். இரண்டு கால்பந்து மைதானம் நீளமான கப்பல் அது.

நான் பார்க்காத படகை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன், ஒரு லயத்து வாசலில் நின்றுகொண்டு. அது இருந்தது. எனக்கு அப்போது மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் குடிக்காமல் வைத்திருந்த தேத்தண்ணியைச் சாரத்தில் ஊற்றிக்கொண்டேன்.

போன் ஓய்ந்த பிறகு அவன் வாசற்படியில் உட்கார்ந்தான்.

"துரை மாதிரிக் கேட்டிருந்தீங்கன்னா இன்னொரு ஆமா போட்டிருப்பேன். நீங்க கணக்கப்பிள்ளை மாதிரிக் கேட்டுட்டீங்களே" என்றான். கோபமாகச் சொன்னானா சிரித்துச் சொன்னானா என்று பிரிக்க முடியவில்லை.

அவன் மனைவிக்குச் சந்தேகமே இல்லை. "இனி இவரக் கூப்பிட மாட்டாங்க, அதானே சேர்?" என்று என்னைக் கேட்டாள். கூப்பிடுவார்கள், உண்மை சொன்னவனை எப்படி விடுவார்கள் என்றேன். அவள் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள்.

அவள் சொன்னதுதான் நடந்தது. என் மேல் எழுதிய முதல் குற்றத்தை எடுத்துவிட்டார்கள். இரண்டாவதை, தமிழ் பேசியதை, எடுக்கவில்லை. அது இன்றைக்கும் எங்கோ ஒரு கோப்பில் இருக்கும். நாலு மாதத்தில் எனக்குக் கப்பல் தந்தார்கள், இன்னும் இரண்டு வருஷம் ஓடினேன். கப்டனுக்கு ஒன்றும் நடக்கவில்லை, அவர் இதைவிடப் பெரிய கப்பலுக்குப் போனார். அந்த மாலுமிக்கு மட்டும் அழைப்பு வரவில்லை. நான் ஒபிசுக்குப் பதினான்கு தடவை போன் செய்தேன். இடம் நிரம்பிவிட்டது என்றார்கள், மருத்துவப் பரிசோதனை பழையது என்றார்கள், பிறகு என் குரல் கேட்டாலே வைத்துவிட்டார்கள். முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறவன் என்று அந்த ஒபிஸில் ஒருத்தி கடைசியில் உண்மையைச் சொன்னாள். முதலில் பேசவைத்தது யார்? இல்லைதானே, இல்லைதானே என்று ஆமாவைப் பிடுங்கிக்கொண்டு, பிறகு ஆமா சொன்னான் என்று ஆளைத் தள்ளுகிறவர்கள் யார்? துரைகள் போய் எத்தனையோ காலமாகிவிட்டது என்கிறார்கள். கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

இப்போது அவன் பெரகலச் சந்தியில் ஓட்டோ ஓட்டுகிறான். மாதத்தில் இரண்டு தடவை மருந்தெடுக்க நான் பதுளைக்குப் போக வேண்டியிருக்கிறது, சந்தி வரைக்கும் அவன்தான் ஏற்றிப் போகிறான். என்னை இப்போது சேர் என்பதில்லை, அண்ணே என்கிறான். காசு வாங்க மாட்டேன் என்று தொடக்கத்தில் நின்றான், அதற்கும் ஒரு சண்டை போட்டு வாங்க வைத்தேன். பழக்கம் மட்டும் போகவில்லை. பாதை சரியாக இருக்கா என்றால் ஆமாண்ணே. பிரேக் பிடிக்குமா என்றால் ஆமாண்ணே. இந்த வீதியில் அந்தப் பதிலை நம்பி உட்கார்ந்தால் நான் மாத்திரை வாங்கவே தேவையில்லை.

போன கிழமை பகல் பதினொரு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. வீதியோரக் கல்கூடத் தெரியவில்லை. முன்னால் ஒரு லொறி ஊர்ந்துகொண்டிருந்தது, அதன் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. அவன் முந்துவதற்காக வலப்பக்கம் ஒடித்தான். எதிரே ஒன்றும் வரவில்லைதானே என்று என் வாய்வரைக்கும் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எதிர்ல எத்தனை வருது?" என்று கேட்டேன்.

அவன் உடனே லொறிக்குப் பின்னால் ஒதுங்கினான். தலையை வெளியே நீட்டிப் பார்த்தான்.

"ரெண்டுண்ணே" என்றான். "ஒண்ணுக்கு லைட் இல்ல."